சிவப்புப் பெட்டியில் ஷாக் இல்லை

தரையில் மல்லாந்து கிடந்தவனுக்கு நாடி இல்லை.

மூச்சு இல்லை.

இடுப்புக்குக் கீழே கால்களும் இல்லை.

"என்ன வேடிக்கை? ஆள் போயிட்டிருக்கான்... முதல்ல என்ன செய்யணும்?" என்றார் மாஸ்டர்.

"தோளைத் தட்டிக் கூப்பிடணும்," என்றாள் முன்வரிசையில் இருந்த பேக்கிங் பெண்.

"கூப்பிட்டாச்சு. பேச்சு மூச்சு இல்லை."

"ஆம்புலன்ஸுக்கு போன். நடு நெஞ்சுல அமுக்கணும். முப்பது அமுக்கு... ரெண்டு ஊது."

"எவ்வளவு ஆழம்?"

"ரெண்டு அங்குலம், மாஸ்டர். அதுக்குள்ள ஒருத்தர் ஓடிப்போய் சிவப்புப் பெட்டியிலேர்ந்து ஷாக் மெஷினை எடுத்துட்டு வரணும்."

"நீ பாஸ்."

அந்த ஏழு மாடி மருந்துக் கம்பெனியில் அவருக்கு 'அமுக்கு மாஸ்டர்' என்று பெயர். முதலுதவி வகுப்பும் தீ ஒத்திகையும் அவர் பொறுப்பு. இருபது வருஷமாக ரப்பர் பொம்மையைப் பிழைக்க வைத்துக்கொண்டிருந்தார்.

இன்றைக்கு ஒரு நிஜ மனிதரைச் சாக விடப்போகிறார்.

மணி நாலு. மாஸ்டரின் பக்கத்து அறை மேனேஜர் வெளியே வந்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு முதலுதவி அறைக்குள் நுழைந்தார். கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே இருந்த நர்ஸ், மாஸ்டரின் மனைவி.

பத்து நாளாக இதே கூத்து. அரைமணி கழித்து மேனேஜர் வேர்த்து விறுவிறுத்து வருவார். டை நழுவியிருக்கும். பேன்ட் முழங்காலில் தூசி. பின்னாலேயே அவள், கலைந்த கொண்டையை முடிந்துகொண்டு.

அஞ்சு வருஷத்தில் என் கிளாஸுக்கு ஒருநாள் வந்திருப்பானா? என் பொண்டாட்டி ரூமுக்கு மட்டும் டாண் என்று ஆஜர்! மாஸ்டருக்கு வயிறு எரிந்தது.

நேற்று சாப்பிடும்போது கேட்டே விட்டார்.

"மேனேஜருக்கு தினம் உன் ரூம்ல என்ன வேலை?"

"பிரஷர் பாக்க வர்றார்."

"அரைமணி நேரமா?"

அவள் நிமிரவில்லை. "சாப்பிடுங்க. ஆறிடப்போகுது."

அந்தப் பதிலில்தான் மாஸ்டர் முடிவு செய்தார்.

மேனேஜர் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். இரண்டு மாடி ஏறினாலே இரைக்கும். இன்று நாலே முக்காலுக்குத் தீ ஒத்திகை. ஏழு மாடி இறங்கி, தலை எண்ணி, படியிலேயே ஏற வேண்டும். விழுந்தால்... சிவப்புப் பெட்டி.

பெட்டியில் இருந்ததைச் சாப்பாட்டு வேளையில் மாற்றிவிட்டார். நிஜ மெஷின் மின்சாரம் பாய்ச்சி, தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தைச் சீராக்கும். வகுப்பில் பழகும் மெஷின் பார்க்க அதன் அண்ணன் தம்பி மாதிரி. ஆனால் வெறும் வாய்தான்; பேசும், ஷாக் கொடுக்காது. 'பயிற்சிக்கு மட்டும்' என்ற அதன் மஞ்சள் ஸ்டிக்கரை உரித்துவிட்டு, அதைப் பெட்டிக்குள் வைத்தாயிற்று. ஆள் போனதும் பழையபடி மாற்றிவிடலாம். ஸ்டென்ட் வைத்தவன் செத்தால் யார் துருவப் போகிறார்கள்?

மணி அலறியது.

"மாஸ்டர், இதய நோயாளிங்க நான். லிஃப்ட்ல வர்றேனே..."

"அது தீக்குத் தெரியுமா சார்? நீங்க முன்னால ஓடினாத்தான் மத்தவங்க ஓடுவாங்க. நான் பின்னாலயே வர்றேன்."

வந்தார். இறங்கினார்கள். ஏறினார்கள். மூன்றாவது மாடியில் மேனேஜருக்கு இரைத்தது. நான்காவதில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். மாஸ்டர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே ஏறினார்.

ஐந்தாவது மாடியில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

மாஸ்டர்.

"யாராவது சிவப்புப் பெட்டியை எடுத்துட்டு வாங்க!" மேனேஜர் அவர் பக்கத்தில் மண்டியிட்டார்.

வேண்டாம், அதில் ஒன்றுமில்லை என்று சொல்ல மாஸ்டர் வாயைத் திறந்தார். நாக்கு புரளவில்லை...

இருட்டு.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டில். தலைமாட்டில் மானிட்டர் பீப்... பீப்... என்றது. மனைவியின் கண்கள் வீங்கியிருந்தன. பக்கத்தில் மேனேஜர். கால்மாட்டில் ஒரு இன்ஸ்பெக்டர்.

"பதினோரு நிமிஷம்," என்றாள் மனைவி. "ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் இவர்தான் விடாம அமுக்கினார். நான் மூச்சு ஊதினேன்."

"இவருக்கு... எப்படித் தெரியும்?"

"நான்தான் பத்து நாளா சொல்லிக் குடுத்தேன். வருஷாந்திர செக்கப்ல உங்க இ.சி.ஜி. சரியில்லைங்க. பெரிய டாக்டர்கிட்ட நாளைக்குத்தான் தேதி கிடைச்சுது. அதுவரைக்கும் நீங்க விழுந்தா பக்கத்து ரூம்ல இருக்கறது இவர் மட்டும்தான். இவருக்கோ ஒண்ணுமே தெரியாது."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா பயத்துலயே விழுந்துடுவீங்கன்னு நெனச்சேன். அது என் தப்புதான்."

முழங்கால் தூசி... கலைந்த கொண்டை... நழுவிய டை... அவருடைய ஒவ்வொரு வகுப்பும் முடியும்போது எல்லோரும் அப்படித்தானே எழுந்திருப்பார்கள்! ஊருக்கே சொல்லிக் கொடுத்தவருக்கு அது கண்ணில் படவில்லை. மாஸ்டருக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது.

"விலா ரெண்டு உடைஞ்சிருக்கு, மன்னிச்சிடுங்க," என்றார் மேனேஜர். "உங்க கிளாஸுக்கு வந்திருந்தா பதமா அமுக்கியிருப்பேன்."

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "மாஸ்டர், மெஷின் 'ஷாக் கொடுத்தாச்சு'ன்னு மூணு தடவை சொல்லுச்சாம். உங்க உடம்பு அசையவே இல்லையாம். உங்க மனைவிதான் சந்தேகப்பட்டு புகார் குடுத்தாங்க. யாரோ மெஷினை மாத்தி உங்களைக் கொல்லப் பாத்திருக்கான். யார் மேலயாவது சந்தேகம் உண்டா?"

"இ... இல்லை."

"பிளாஸ்திரி திருடு போகுதுன்னு அந்தப் பெட்டிக்கு எதிர்ல கேமரா வெக்கச் சொன்னது நீங்கதானாமே?"

மானிட்டர் வேகமாகக் கத்த ஆரம்பித்தது.

இன்ஸ்பெக்டர் செல்போனைத் திருப்பிக் காட்டினார். மஞ்சள் ஸ்டிக்கரை உரிக்கும் மாஸ்டரின் முகம் பளிச்சென்று தெரிந்தது. மனைவி அதைப் பார்த்தாள். மேனேஜரைப் பார்த்தாள். மாஸ்டரின் கையிலிருந்து மெல்லத் தன் கையை உருவிக்கொண்டாள்.

"என்கிட்ட இன்னொரு தடவை அழுத்திக் கேட்டிருக்கலாமே..."



இன்ஸ்பெக்டர் பேனாவை நீட்டினார்.

"செத்துப் பொழைச்சதும் நீங்க, சாகடிக்கப் பாத்ததும் நீங்க. புகார்ல எந்தப் பக்கம் கையெழுத்துப் போடறீங்க, மாஸ்டர்?"