மூன்று தட்டு

அவள் ஒலி எதையும் அனுப்பவில்லை. ஆனாலும் மேசைமேல் இருந்த சிவப்பு விளக்கு எரிந்தது.

மிளகு அளவு விளக்குதான். சத்தம் புகாத பூத்துக்குள் ஹெட்ஃபோன் மாட்டி உட்கார்ந்திருப்பவர், காதில் சத்தம் விழுந்ததும் கையிலிருக்கும் பட்டனை அமுக்குவார். வெளியே இது எரியும். இருபது வருடமாக நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு பேருக்கு இப்படித்தான் காது சோதிக்கிறாள். சத்தமே வராதபோது அமுக்குகிறவர்களும் உண்டு. காதில் இரைச்சல் உள்ளவர்கள், அவசரக்காரர்கள், தோற்க மனமில்லாத ஆண்கள். அதனால் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தாளின் ஓரத்தில் நேரத்தை மட்டும் குறித்தாள்: மாலை ஆறு பத்து.

"ஒட்டகம், நான் இன்னும் ஒன்னும் அனுப்பல," என்றாள் மைக்கில்.

கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவன் நீண்ட கழுத்தைத் திருப்பினான். "கேட்டுச்சே லீடரம்மா."

"பொய் சொல்லி பாஸ் ஆகப் பாக்காத."

"உன்னப் பாத்துக் காப்பியடிச்சே பாஸ் ஆகல. இதுலயா ஆகப்போறேன்?"

சிரிக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் காலையிலிருந்து இவன் பதின்மூன்றாவது ஆள், அவளுக்குக் கால் கடுத்தது.

பல நாட்டுப் பிள்ளைகள் படித்த பள்ளி அது. அப்பாக்களின் வேலை எங்கே மாறுகிறதோ அங்கே பிள்ளைகளும் மாறிப் போவார்கள். வகுப்பில் தமிழ் பேசியவர்கள் இவர்கள் இருவர் மட்டுமே. பள்ளி முடிந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. அவன் இப்போது கப்பலில் எஞ்சினியர். எஞ்சின் அறை இரைச்சலில் காது மந்தமாகிவிட்டதோ என்று சந்தேகம். கப்பல் இங்கே ஒரு நாள் நிற்கிறது, காதையும் காட்டி உன்னையும் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று எழுதியிருந்தான். பழைய மாணவர் சந்திப்பு எதற்கும் போகாதவள், வகுப்புக் குழுவில் ஒரு வரிகூடப் போடாதவள், இவனை மட்டும் வரச் சொன்னாள். அவளிடம் ஒரு கேள்வி இருந்தது. அதைத் தமிழில் மட்டும்தான் அவளால் கேட்க முடியும்.

புதுசு என்ற அந்தப் பெண் பள்ளியைவிட்டுப் போனதை யாராவது கண்ணால் பார்த்தீர்களா?

வலது காதை முடித்தாள். இடது காதுக்கு மாற்றுவதற்கு முன், வழக்கப்படி, சில நொடி நிறுத்தினாள். விளக்கு எரிந்தது. அணைந்தது. எரிந்தது. அணைந்தது. எரிந்தது.

மூன்று.

அவள் விரல் கருவியின் திருகுமேலேயே நின்றுவிட்டது. ஒருவேளை பட்டனின் வயர் தளர்ந்திருக்கலாம். இல்லை, அவன் விளையாடுகிறான். ஆனால் இவனுக்கு அந்த மூன்று எப்படித் தெரியும்? தெரியாது. அவளுக்கும் புதுசுக்கும் மட்டுமே தெரிந்த கணக்கு அது.

பள்ளியில் ஒரு வழக்கம். புதிதாக வரும் பிள்ளைக்கு ஒரு பருவம் முழுக்கப் பழைய பிள்ளை ஒன்று துணை. சாப்பாட்டுக்கூடம், கழிப்பறை, பேருந்து வரிசை எல்லாவற்றுக்கும் கூடவே போக வேண்டும். பத்து வயதில் அவளுக்கு வாய்த்தது ஒரு விடுதிப் பெண். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழிகூட இல்லை. அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்ல யார் வாயும் வளையவில்லை. ஒட்டகமும் அவளும் தங்களுக்குள் புதுசு என்று வைத்துக்கொண்டார்கள். புதுசு அவள் சட்டைக் கையைப் பிடித்தபடியே நடந்தாள், சாய்ந்தபடியே உட்கார்ந்தாள், உட்கார்ந்த இடத்தில் தூங்கினாள். பேச்சுக்குப் பதில் தட்டுவதை இருவரும் பழகிக்கொண்டார்கள். மூன்று தட்டினால், வரலாமா? ஒன்று தட்டினால், இரு. இரண்டு தட்டினால், வா.

புதுசு மூன்று தட்டும்போதெல்லாம் அவள் பெரும்பாலும் ஒன்றுதான் தட்டினாள். அவளுக்கு அலுத்துவிட்டது. பத்து வயதிலும் மனிதர்களுக்கு அலுத்துப்போகும்.

மாடிக் கோடியில் பியானோ பழகும் அறை. சத்தம் வெளியே போகாமல் சுவரெல்லாம் பஞ்சு வைத்து அடைத்தது. உள்பக்கக் கைப்பிடி உடைந்திருந்தது. பருவத்தின் கடைசி நாள், கொஞ்ச நேரம் தனியாக இருந்தால் போதுமென்று, ஒளிந்து பிடிக்கும் விளையாட்டு என்று சைகை காட்டிப் புதுசை அங்கே விட்டுக் கதவைச் சாத்தினாள். விடுதிப் பிள்ளை பேருந்தில் ஏறியதும் துணைதான் பட்டியலில் டிக் போட வேண்டும். அவள் முதலிலேயே போட்டுவிட்டாள். அப்பா வாசலில் ஹாரன் அடித்தார். ஓடினாள்.

ஞாபகம் வந்தது மூன்றாம் நாள். அப்போது அவள் வேறு நாட்டில், பாட்டி வீட்டில், கட்டிலில் படுத்திருந்தாள். யாராவது திறந்திருப்பார்கள் என்று திரும்பிப் படுத்தாள். விடுமுறை முடிந்து போனபோது புதுசின் நாற்காலி காலி. ஊருக்குப் போய்விட்டாள் என்று டீச்சர் சொன்னார். அந்தப் பள்ளியில் காலி நாற்காலி யாருக்கும் அதிசயமில்லை. டீச்சரின் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை வருடம் தூங்கினாள்.

இடது காதும் முடிந்தது. பூத்தின் கனமான கதவு காற்றை உறிஞ்சித் திறந்தது. ஒட்டகம் குனிந்து வெளியே வந்தான்.

"ஏன் லீடரம்மா, சோதனை நடக்கும்போது வெளிய எதுக்குக் கதவைத் தட்டுற?"

"யார் தட்டுனா?"

"நீதான். மும்மூணா. மெதுவா. நானும் இதுவும் டெஸ்ட்ல சேத்தி போலன்னு அமுக்கிட்டே இருந்தேன்."

"வெளிய இடி விழுந்தாலும் அதுக்குள்ள கேக்காது."

"அப்ப என் காது பிரமாதம்னு எழுதிக் குடு. கப்பல்ல மாட்டி வைக்கிறேன்."

அவள் எழுதினாள். எழுதிக்கொண்டே, தலை நிமிராமல், கேட்டாள். "ஒட்டகம். புதுசு ஞாபகமிருக்கா?"

"உன் வாலு. எப்படி மறக்கும்?"

"அவ போறத நீ பாத்தியா? நீ விடுதிதானே. அன்னிக்குப் பஸ்ல இருந்தாளா?"

அவன் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே யோசித்தான். "இல்லையே. லீவுல எங்கேயோ மாத்தலாகிப் போயிட்டாளே."

"ஆமா. டீச்சர் சொன்னாங்க."

"டீச்சரா? டீச்சர் எங்க சொன்னாங்க? அவளப் பத்திக் கேட்டாலே அந்தம்மா எழுந்து வெளிய போயிருவாங்க. எங்களுக்கெல்லாம் நீதானே சொன்ன."

பேனா நின்றது.

"லீவு முடிஞ்ச முதல் நாளே சொன்னியே, ஊருக்குப் போயிட்டான்னு. நீதானே அவளுக்குத் துணை. உனக்குத் தெரியாமயா?" அவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். "அந்த லீவுலதான் பியானோ ரூமையும் செங்கல் வச்சு அடைச்சாங்க. சுவர்ல ஈரம், ஓதம்னு சொன்னாங்க. மாடி முழுக்க ஒரு மாசம் பினாயில் நாத்தம். நீ அந்தப் பக்கமே வரமாட்டியே, உனக்கு எங்க தெரியும்?"

அவள் பேனாவை மூடித் தாளின்மேல் வைத்தாள்.

"என்ன, முகமே செத்துப்போச்சு? வேலை ஜாஸ்தியா? வீட்டுக்குப் போய்ப் படு. எட்டு மணிக்கு நான் கப்பல்ல இல்லேன்னா கேப்டன் என்னை விட்டுட்டே போயிருவாரு." வாசலில் ஒருமுறை திரும்பினான். "அடுத்த சந்திப்புக்காவது வந்து சேரு. எல்லாரும் உன்னத்தான் கேக்குறாங்க."

லிஃப்ட் மூடும் சத்தம் கேட்டது. பிறகு ஏசியின் முனகல். பிறகு அதுவும் பழகிப்போய், இல்லாததுபோல் ஆயிற்று.

அவள் பையை எடுத்தாள், வைத்தாள். நாளை காலை முதல் ஆள் நான்கு வயதுக் குழந்தை. பட்டனில் கோளாறு இருந்தால் அந்தக் குழந்தையின் முடிவு தப்பாகிவிடும். கருவியில் சந்தேகம் வந்தால் உள்ளே உட்கார்ந்து தானே கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. விதியை ஒருநாளும் அவள் விட்டதில்லை. இது அசட்டுத்தனம், போய்விடு என்று அவளுக்குள் ஒன்று சொன்னது. களைப்பில் வரும் எண்ணம் என்று அதைத் தள்ளினாள். வயர்தான். வயராகத்தான் இருக்கும்.

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்தாமல் சோதித்தால் அது சோதனை இல்லை.

பூத்துக்குள் அமைதி ஒரு கனமான போர்வையைப் போல இறங்கும். முதலில் ஏசி போகும், பிறகு கட்டடத்தின் மெல்லிய அதிர்வு போகும், கடைசியில் தன் எச்சில் விழுங்கும் சத்தமும் காதுக்குள் ஓடும் ரத்தமும் மட்டும் மிஞ்சும். பஞ்சுச் சுவரின் புழுதி வாசனை, அன்றைய பதின்மூன்று பேரின் வியர்வை வாசனை, ஒட்டகத்தின் சோப்பு வாசனை. அவற்றுக்கு அடியில் இன்னொன்று. கூர்மையாக. அவள் மூக்கைச் சுருக்கினாள்.

பினாயில்.

ஹெட்ஃபோனை மாட்டவில்லை. பட்டன் சுவர்க் கொக்கியில்தான் இருக்கும், பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். கண்ணாடி வழியாக வெளியே மேசை தெரிந்தது. அவளது காலி நாற்காலி. அணைந்த விளக்கு.

தட்டு.

தட்டு. தட்டு.

வெளியிலிருந்து இல்லை. அவளுக்குப் பின்னாலிருந்து. தாழ்வாக.

மேசைமேல் சிவப்பு விளக்கு எரிந்தது. அணைந்தது. எரிந்தது. அணைந்தது. எரிந்தது. அணையவில்லை.

கொக்கியைப் பார்த்தாள். பட்டன் இல்லை. வயர் மட்டும் இருந்தது. அது தொங்கவில்லை. விறைத்து, சுவரோரமாக, அவள் நாற்காலிக்குப் பின்னால் போயிற்று. ஒரு சிறுமி தரையில் உட்கார்ந்தால் அவள் கை இருக்கும் உயரத்தில்.

திரும்பவில்லை. கழுத்து திரும்பவில்லை.

மூன்று தட்டினால், வரலாமா?

இரண்டு தட்ட வேண்டும். வா என்று சொல்ல வேண்டும். முப்பது வருடத்துக்கும் மேலாகப் புதுசு கேட்டுக்கொண்டிருக்கிறாள். இரண்டே தட்டு. கையைத் தூக்கினாள். விரல் முட்டி பக்கத்துச் சுவரைத் தொட்டது. ஒன்று.

அடுத்ததற்குக் கை எழவில்லை. வந்தால்? வந்து முன்னால் நின்றால்?

எழவேயில்லை.

ஒன்று என்றால், இரு. எங்கே இருக்க வேண்டும் என்று அவள் ஒருநாளும் காட்டியதில்லை.

வயர் தளர்ந்தது. மறுக்காமல், அழாமல், அன்றுபோலவே. விளக்கு அணைந்தது. தரைவிரிப்பில் ஏதோ மெல்ல நகர்ந்து, நாற்காலியைச் சுற்றி வந்தது. அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

சட்டைக் கையை ஒரு விரல் பற்றியது. பிறகு முழங்காலில், வெகுநேரம் காத்திருக்கப் பழகியவள் சாய்வதுபோல, ஒரு சின்னத் தலையின் கனம் வந்து அமர்ந்தது.