முயல் ஓடும் கிண்ணம்

எஃபீசியோ அந்த வகுப்பில் சேர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதுவரை யாரும் அவனிடமிருந்து "சரி", "தெரியாது" என்பதைத் தவிர வேறு எதையும் கேட்டதில்லை.

அவன் சார்தீனியாத் தீவுக்காரன். அம்மாவுக்கு அரெத்சோ என்ற இத்தாலிய ஊரில் ஒரு ரொட்டிக்கடையில் வேலை கிடைத்ததால் இங்கே குடிவந்திருந்தார்கள். அப்பா சரக்குக் கப்பலில் இருந்தார். அவன் பள்ளிக்கு வந்த முதல் நாளே, அதே வகுப்பில் படிக்கும் தன்க்ரேதி, "எஃபீசியோவா? என்னடா பேரு இது, தும்மல் மாதிரி இருக்கு!" என்று சொல்லிவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அதோடு அவன் வாய் மூடிக்கொண்டது.

அப்படிப்பட்டவன் வெள்ளிக்கிழமை இடைவேளையில் தன் வகுப்புப் பெண் நெரீனாவைத் தேடி மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"உங்க அப்பாதானே ரோமானியர் காலத்துக் கிண்ணமெல்லாம் செய்யறாரு?"

"ஆமா. ஏன்?"

நெரீனாவின் அப்பா ஒரெஸ்தே மண்பாண்டக் கலைஞர். ரோமானியர் காலத்தில் இந்த ஊரில் செய்த சிவப்புக் கிண்ணங்களை, தட்டுகளை, விளக்குகளை அச்சு அசலாக அப்படியே செய்வார். அருங்காட்சியகங்களும் பள்ளிகளும் வாங்கிக்கொள்ளும். அசலைத் தொட விடமாட்டார்கள். அப்பா செய்ததைத் தொடலாம், அதில் தண்ணீர்கூடக் குடிக்கலாம்.

எஃபீசியோ சட்டைக்குள் கையை விட்டு, கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை எடுத்தான். மெதுவாகப் பிரித்தான். உள்ளங்கை அளவுக்கு ஓர் ஓட்டுத்துண்டு. பழுத்த தக்காளிபோலச் சிவந்து பளபளத்தது.

"ஓடைக்கரையில கிடைச்சுது. மழையில மண்ணு சரிஞ்சிருக்கு. அதுக்குள்ள இருந்து எட்டிப் பார்த்துச்சு. ரெண்டாயிரம் வருஷம் இருக்கும்ல?"

நெரீனா பார்த்தாள். ஓட்டின் மேல் ஒரு முயல் ஓடிக்கொண்டிருந்தது. காது இரண்டும் உடம்பைவிட நீளம்.

அவள் அதை உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

அது அவள் செதுக்கிய முயல். போன குளிர்காலத்தில் அப்பா அவள் கையில் கொஞ்சம் களிமண் கொடுத்து, "நீயே ஒண்ணு செதுக்கு, என் அச்சுல சேர்த்துக்கறேன்" என்றார். அந்த அச்சில் வார்த்த கிண்ணம் சூளையில் விரிசல் விட்டது. விரிசல் விட்டதை அப்பா விற்கமாட்டார். உடைத்துப் பட்டறைக்குப் பின்னால் இருந்த குழியில் போட்டுவிட்டார். குழிக்குக் கீழேதான் ஓடை.

"காது கொஞ்சம் பெருசா இல்ல?" என்றாள் நெரீனா. வேறு என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"பெருசுதான். அது ஓடும்போதே பின்னாடி யாராவது வர்றாங்களான்னு கேக்குது. அதான் காதை அப்படி நீட்டியிருக்கு." எஃபீசியோ விரல் நுனியால் முயலின் முதுகைத் தடவினான். "இதைச் செஞ்சவருக்கு முயல்னா ரொம்பப் பிடிக்கும்னு நினைக்கிறேன்."

நெரீனாவின் காதுகள் சூடாயின. அந்த முயலைப் பற்றி இதுவரை யாரும் இப்படிச் சொன்னதில்லை. "காது கொஞ்சம் நீளம், பரவாயில்ல" என்றுதான் அப்பாவே சொல்லியிருந்தார்.

"உங்க அப்பாகிட்டக் காட்டலாமா?"

"அப்பா... அப்பா ஊர்ல இல்ல" என்று அவள் வாயிலிருந்து ஒரு பொய் நழுவியது.

அதற்குள் டீச்சர் வந்துவிட்டார். எஃபீசியோவின் கையில் இருந்ததைப் பார்த்தார். அதைவிட, எஃபீசியோ பேசுவதைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அட! இதை எங்க கண்டுபிடிச்ச, இது என்னன்னு திங்கட்கிழமை நம்ம வகுப்புல எல்லாருக்கும் சொல்லேன்."

"சரி டீச்சர்" என்றான் எஃபீசியோ. அவன் சிரித்து நெரீனா பார்த்தது அன்றுதான்.

சனிக்கிழமை இருவரும் ஓடைக்கரைக்குப் போனார்கள். "இன்னும் இருக்கும், வா தேடலாம்" என்று அவன்தான் அழைத்தான். வாளி, தேய்ந்துபோன கரண்டி, அம்மா கொடுத்தனுப்பிய உப்பு தூவிய தட்டை ரொட்டி எல்லாம் கொண்டுவந்திருந்தான்.

தேடுவதில் அவன் கெட்டிக்காரன். நெரீனாவுக்கு எல்லாம் ஒரே மண்ணாகத் தெரிந்த இடத்தில் அவன், "இதோ!", "இதோ, இன்னொண்ணு!" என்று எடுத்துக்கொண்டே இருந்தான். ஒவ்வொன்றையும் ஓடைத் தண்ணீரில் அலசி, புல்லில் வைத்தான். வைத்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. திருப்பிப் பார்த்தான், நகர்த்தினான். இரண்டு துண்டுகள் ஒன்றோடொன்று 'கிளிக்' என்று பொருந்தின.

"நேத்து ராத்திரி அப்பா போன் பண்ணாரு" என்றான். "சொன்னேன். அவரு கப்பல்ல எல்லாருக்கும் சொல்லிட்டாராம். சமையல்காரர்லேர்ந்து கேப்டன் வரைக்கும்."

நெரீனா கடித்த ரொட்டியைக் கீழே வைத்தாள்.

இன்னும் கொஞ்சம் தோண்டினால் கிண்ணத்தின் அடிப்பாகம் வந்துவிடும். அதில் அப்பாவின் முத்திரை இருக்கும். பழசு என்று சொல்லி யாரும் யாரையும் ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காகவே அப்பா அதைக் குத்துவார். இவன் அதைப் பார்ப்பதற்குள் அவளே எடுத்து ஒளித்துவிடலாம். திங்கட்கிழமை இவன் வகுப்பில் பேசுவான். டீச்சர் கைதட்டுவார். பிறகு ஒருநாள் யாராவது பெரியவர்கள் வந்து பார்த்து, இது புதுசு என்று சொல்லிவிடுவார்கள். அன்றைக்குத் தன்க்ரேதியும் பக்கத்தில் நிற்பான்.

"எஃபீசியோ, தோண்டாத."

"ஏன்?"

"அது பழசு இல்ல. எங்க அப்பா செஞ்சது. விரிசல் விட்டுச்சுன்னு உடைச்சுப் போட்டாரு. அந்த முயலை... அந்த முயலைச் செதுக்குனது நான்."

எஃபீசியோ கையிலிருந்த துண்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவன் முகம் காதுவரை சிவந்தது.

"நேத்தே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"அப்போ உள்ளுக்குள்ள சிரிச்சுட்டு இருந்தியா?"

"இல்லவே இல்ல! நீ முயலைப் பத்தி நல்லாச் சொன்னியா... அதைக் கேக்க ஆசையா இருந்துச்சு. அதான் சொல்ல வாய் வரல."

அவன் கரண்டியைக் கீழே போட்டான். "நான் திங்கட்கிழமை ஸ்கூலுக்கு வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தான். வாளியைக்கூட எடுக்கவில்லை.

நெரீனா கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அழுகை வந்தது, ஆனால் அழுது என்ன ஆகப்போகிறது? புல்லின் மேல் அவன் பொருத்தி வைத்த துண்டுகள் வெயிலில் மின்னின. சேர்ந்த இடத்தில் கோடுகூடத் தெரியவில்லை. அவள் அதில் ஒரு துண்டை எடுத்து, மற்றொன்றோடு பொருத்திப் பார்த்தாள். சேரவில்லை. இன்னொன்று. அதுவும் சேரவில்லை. வெகுநேரம் பார்த்தும் ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

அப்போதுதான் அவளுக்கு அது தோன்றியது.

மண்ணில் மிச்சமிருந்ததையும் தோண்டி எடுத்து, எல்லாத் துண்டுகளையும் வாளியில் அள்ளிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போனாள். அப்பா சக்கரத்தை நிறுத்திவிட்டு முழுக்கதையையும் கேட்டார்.

"அப்பா, உடைஞ்சது இன்னும் இருக்கா?"

"உடைஞ்சதா? உன் அப்பா இத்தனை வருஷமா எவ்வளவு கெடுத்திருக்கேன்னு உனக்குத் தெரியாது. எத்தனை வாளி வேணும்?"

ஞாயிற்றுக்கிழமை காலை நெரீனா ரொட்டிக்கடை மாடியில் இருந்த வீட்டுக் கதவைத் தட்டினாள். எஃபீசியோதான் திறந்தான். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"உன் வாளியைக் குடுக்க வந்தேன்" என்றாள். "அப்புறம் ஒரு உதவி வேணும். எவ்வளவு முயற்சி பண்ணியும் எனக்கு ஒரு துண்டுகூடச் சேரல. அப்பாவுக்கும் ரெண்டுதான் சேர்ந்துச்சு. நீ மட்டும் எப்படிடா சேர்த்த?"

எஃபீசியோ வாளிக்குள் பார்த்தான். பார்க்காமல் இருக்க முயன்றான். பிறகு மறுபடியும் பார்த்தான்.

"விளிம்பைப் பார்த்தா சேராது" என்றான் மெதுவாக. "தடிமனைப் பார்க்கணும். மேல போகப்போக மெலிசாகும்ல."

அவன் தரையில் உட்கார்ந்தான். அவளும் உட்கார்ந்தாள். சேர்த்துக்கொண்டே, இதையே திங்கட்கிழமை வகுப்பில் எல்லோரையும் செய்யவைக்கலாம் என்ற தன் யோசனையைச் சொன்னாள். மதியம் எஃபீசியோவின் அம்மா வேலை முடிந்து மேலே வந்தபோது வீடெல்லாம் களிமண் தூசி. அவர் திட்டவில்லை. மகன் இத்தனை பேச்சுப் பேசி அவர் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. கதவருகிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, இருவருக்கும் சாப்பாடு எடுத்துவைத்தார்.

திங்கட்கிழமை எஃபீசியோ வகுப்பின் முன்னால் நின்றான். அவன் பக்கத்தில் துண்டுகள் நிறைந்த வாளிகள்.

"இது ரெண்டாயிரம் வருஷப் பழசுன்னு நினைச்சேன்" என்றான். "இல்ல. நெரீனாவோட அப்பா செஞ்சது."

பின்வரிசையில் தன்க்ரேதி சிரிக்க ஆரம்பித்தான்.

"நான் தப்பா நினைச்சுட்டேன்" என்று எஃபீசியோ தொடர்ந்தான். குரல் கொஞ்சம் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை. "ஆனா நிஜமான பழசு கிடைச்சாலும் இப்படித்தான் கிடைக்கும். துண்டு துண்டா. அதைச் சேர்த்தாத்தான் என்னன்னு தெரியும். இதுல யாராவது சேர்த்துக் காட்டுங்க பார்க்கலாம்."

"இதென்ன பெரிய வித்தை!" என்று தன்க்ரேதி முதல் ஆளாக எழுந்து வந்தான்.

ஐந்து நிமிடத்தில் அவன் நெற்றி வியர்த்தது. பத்து நிமிடத்தில் வகுப்பு முழுவதும் தரையில் இருந்தது. டீச்சரும் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு மண்டியிட்டிருந்தார். "அது என்னுது, குடுறா!", "இங்க ஒரு மூக்கு இருக்கு, யார்கிட்ட முகம் இருக்கு?" என்று ஒரே கூச்சல். எஃபீசியோ ஒவ்வொரு குழுவாகப் போய், "தடிமனைப் பாரு, தடிமனை" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

"ஏய், இங்க ஒரு கழுதை கிடைச்சிருக்கு!" என்று கத்தினான் தன்க்ரேதி.

நெரீனா தலையைக் குனிந்துகொண்டாள்.

"கழுதை இல்ல, முயல்" என்றான் எஃபீசியோ. "பின்னாடி யாராவது வர்றாங்களான்னு கேக்குது. நல்லாப் பாரு."

தன்க்ரேதி அதைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனான். "அட, ஆமா" என்றான். பிறகு, "டேய் எஃபீசியோ, இதோட வால் எங்கடா? தேடிக் குடுடா" என்று கெஞ்சினான். இந்த முறை அந்தப் பெயர் அவன் வாயில் தும்மலாக வரவில்லை.

மதிய மணி அடித்தபோது மேசைமேல் முயல் கிண்ணம் பசைபோட்டு ஒட்டி முழுதாக நின்றது. கொஞ்சம் கோணல்தான். "நாளைக்கும் செய்யலாமா டீச்சர்?" என்று எல்லோரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

அன்று மாலை நெரீனா எஃபீசியோவின் வீட்டில் இருந்தபோது கப்பலிலிருந்து போன் வந்தது. எஃபீசியோ ஜன்னல் பக்கம் போய் நின்று பேசினான். முதலில் மெதுவாக. பிறகு நீண்ட நேரம் கேட்டுக்கொண்டே இருந்தான். நெரீனா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அப்பா கப்பலில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாரே, இப்போது என்ன சொல்வாரோ!

அவன் போனை வைத்துவிட்டுத் திரும்பினான். முகத்தை வைத்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"கோபமா உங்க அப்பாவுக்கு?"

"இல்ல. போன வாரம் புயல்ல கேப்டனோட சூப் கிண்ணம் தூள்தூளா உடைஞ்சு போச்சாம்." அவனுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. "அத்தனை துண்டையும் ஒரு பையில போட்டு வெச்சிருக்காராம். என் பையன் ஒட்டித் தருவான்னு வாக்குக் குடுத்துட்டாராம்!"