எச்சில் பட்ட பிப்பெட்

அவள் ஆய்வகத்தில் சேர்ந்த அன்று, கண்ணாடிச் சாமான் கழுவும் அக்கா மேஜையைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். இது செத்துப்போன சீனியரின் இடம். பாம்பு விஷக் கரைசலை அந்தப் பெண் இதே மேஜையில் இருக்கும் பிப்பெட்டில், அந்த அளவுக் கண்ணாடிக் குழலில், வாய் வைத்து உறிஞ்சித்தான் அளப்பாளாம். ஈறு புண்ணாயிருந்த நாளில் ஒரு மடக்கு வாய்க்குள் போய்விட்டது. பற்கள் ஈரச் சுவரில் அடித்த ஆணி மாதிரி கழன்று வந்தனவாம்.

"ரப்பர் குமிழை வச்சே உறிஞ்சு, கண்ணு. அவ எச்சில் பண்ணினதை விடமாட்டா."

இவள் சிரித்துவிட்டாள்.

பேராசிரியர் கறார்ப் பேர்வழி. விஷத்தில் புரதத்தை வெட்டும் நொதியைத் தனியே பிரித்துக் காட்டாவிட்டால் மாத முடிவில் இடம் வேறொருவருக்கு என்றிருந்தார். மாதம் முழுக்கப் பிரித்ததில் மிஞ்சியது குழாயின் அடியில் கொஞ்சம், மஞ்சளாக.

மாதக் கடைசி நாள், நண்பகல். கருத்த எக்ஸ்ரே படத்தின் மேல் ஒரு சொட்டு விட வேண்டும். நொதி வேலை செய்தால் கறுப்புப் பூச்சு கரைந்து அந்த இடம் வெளுத்துவிடும். பேராசிரியரின் செருப்புச் சத்தம் படியில் கேட்டது. ரப்பர் குமிழ் வெடித்திருந்தது, காற்றைப் பிடிக்கவில்லை.

ஒரே ஒரு தடவைதானே.

பிப்பெட்டின் வாய்முனையைத் துடைத்தாள். துடைத்த இடம் மறுபடி நனைந்தது. கொழகொழவென்று நூல் இறங்கியது. ஊத்தை வாய் நாற்றம்.

கண்ணை மூடி உதட்டை வைத்தாள்.

கண்ணாடி சூடாயிருந்தது, இப்போதுதான் யாரோ வாயை எடுத்தது போல.

அவள் உறிஞ்சவில்லை. அதுவாகவே ஏறியது. சளி மாதிரி கெட்டியாக, வெதுவெதுப்பாக நாக்கின் மேல் பரவியது. கூடவே கெட்டியாக ஏதோ ஒன்று.

துப்பினாள். பல். வேரில் சதை தொங்கியது.

நாக்கால் தடவிப் பார்த்தாள். அவளுடைய பற்கள் எல்லாம் இருந்தன.

குழாய் காலி.

பேராசிரியர் உள்ளே வந்து, என்ன ஆயிற்று என்று கேட்டார். எல்லாம் போச்சு சார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். கடைவாயிலிருந்து ஒரு கோழை வழிந்து படத்தின் மேல் விழுந்தது. விழுந்த இடத்தில் கறுப்பு நுரைத்து உரிந்தது.

அவர் குனிந்து படத்தை மட்டும்தான் பார்த்தார். முகம் மலர்ந்தது. இடம் அவளுக்குத்தான், இனி யாரும் அசைக்க முடியாது என்றார்.

"இன்னும் மிச்சம் இருக்காம்மா?"

அவள் பற்களை இறுகக் கடித்துக்கொண்டு இல்லையென்று தலையாட்டினாள். அப்போது அவள் நாக்குக்கு அடியில் இன்னொரு நாக்கு புரண்டு, அவளுடையதை ஒதுக்கித் தள்ளியது.

"இருக்கு சார்," என்றது. "ஊறிக்கிட்டே இருக்கு."