ஆள் பார்த்தால் ஒளியும் பழுது

காலை 10.40. மையக் கணினியான மெயின்ஃப்ரேம் மறுபடியும் வாயை மூடிக்கொண்டது. வங்கியின் கிளைகள் அத்தனையிலும் திரை உறைந்து, கவுன்டர்களில் ஜனங்கள் கத்த ஆரம்பித்தார்கள். ஆபரேட்டர் ஓடிப்போய் மெயின்ஃப்ரேமின் கேபினெட்டைத் திறந்தார். அதற்குள் சரியாகிவிட்டது. அதுதான் வயிற்றெரிச்சல்! செத்துக் கிடந்தால் பிணத்தையாவது பார்க்கலாம்.

பழுது பார்க்க வந்த இன்ஜினியரம்மாவிடம் மேலாளர் பொரிந்து தள்ளினார். "நெட்வொர்க் கார்டை ரெண்டு தடவை மாத்தியாச்சு. இந்த ஆள் ஷிஃப்ட்ல மட்டும்தான் இணைப்பு விழுது. எதையோ நோண்டறார். இன்னைக்குச் சாயங்காலத்தோட வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

ஆபரேட்டர் தலைகுனிந்து நின்றார். நரைத்த தலை. இனி யார் வேலை கொடுப்பார்கள்? இன்ஜினியரம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"விழுந்ததும் என்ன செய்வீங்க அண்ணே?"

"திறந்து பார்ப்பேன் மேடம். பச்சை விளக்கு ஜம்முனு எரியும்."

"அப்புறம்?"

"கதவைச் சாத்திடுவேன். தூசி போகக் கூடாதுன்னு ரூல் இருக்கே."

"மத்த ஷிஃப்ட்காரங்க?"

"திறந்தே போட்டுடுவாங்க. நான் வந்துதான் சாத்துவேன்."

11.15. இன்ஜினியரம்மா கார்டைச் சோதித்தார். குறையே இல்லை. கேபினெட்டைச் சாத்திவிட்டு, திரையைப் பார்த்தபடி கதவை உள்ளங்கையால் லேசாக அழுத்தினார். இணைப்பு போயிற்று! திறந்தார். வந்தது.

"சூட்டுல போகுதா?" என்றார் மேலாளர்.

"சூடேற நேரம் வேணுமே சார்." கதவின் உள்பக்கம் டார்ச் அடித்தார். பெயின்ட் தேய்ந்து ஒரு வளைகோடு. அதற்கு நேரே ஃபைபர் கேபிளின் சுருள். "இந்தச் சுருளை இங்கே யார் செருகினது?"

மேலாளர் எட்டிப் பார்த்தார். "நான்தான், போன மாசம். நீளம் ஜாஸ்தியா இருந்துது."

"அப்போ குற்றவாளி நீங்கதான் சார். இதுல ஓடறது வெளிச்சம். சாத்தினா சுருள் நசுங்குது. பக்கத்துல யாராவது நடந்து கதவு அதிர்ந்தாப் போதும், வெளிச்சம் கசிஞ்சு இணைப்பு விழுந்துடும். திறந்தா நிமிர்ந்துடும். பழுதைப் பார்க்கத் திறந்த எல்லாரும், தெரியாம அதைச் சரிபண்ணிட்டோம். கதவை ஒழுங்காச் சாத்தினவர் இவர் ஒருத்தர்தான். பழியும் இவர் தலையில."

மேலாளரின் முகம் செத்துப்போயிற்று. "மன்னிச்சிடுங்க" என்றார்.

ஆபரேட்டர் தலையை நிமிர்த்தினார். "நேத்து வீட்ல, தப்பு என்மேலதான் இருக்கும்னு சொல்லிட்டேன் சார். நானே நம்பிட்டேன்."

மேலாளர் தன் மேஜை போனை அவர் பக்கம் நகர்த்தினார்.

"முதல்ல வீட்டுக்குப் பேசுங்க. அப்புறம் என்கிட்ட குடுங்க, நானே சொல்றேன்."