ஐந்தாவது கோழி

கிண்ணத்தைத் தட்டி "பா, பா" என்று இருதயசெல்வி கூப்பிட்டதும் நான்கு கோழிகளும் எப்போதும்போல ஓடிவந்தன. பாதி தூரத்தில் அப்படியே நின்றுவிட்டன. அவளை அல்ல, அவளுக்குப் பின்னாலிருந்த அடுக்களை வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றன. திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

முட்டை நின்று பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. விடிந்ததும் ஒவ்வொரு கோழியாகப் பிடித்து வாலடியில் விரல் வைத்து அழுத்திப் பார்ப்பாள். முட்டை இருந்தால் கெட்டியாகத் தட்டுப்படும். இப்போதெல்லாம் ஒன்றிலும் இல்லை. போனால் போகட்டும் என்று விடவும் மனசு வரவில்லை. புதுச்சேரியில் வேலை முடிந்து கண்டமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும் அமலா, பிள்ளைக்கு ரெண்டு முட்டை வாங்க வந்து, கால் மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் போவாள். புருஷன் அடைக்கலராஜ் கண்ணை மூடிய பிறகு அந்த வீட்டில் கேட்ட ஒரே பேச்சுக்குரல் அதுதான். முட்டை இல்லையென்றானதும் அமலாவும் வருவதில்லை. அது இருதயசெல்விக்கு ரொம்பவே வலித்தது.

வளவனூர் மாட்டு டாக்டரிடம் ஒரு கோழியைத் தூக்கிக்கொண்டு போனாள். அவர் புரட்டிப் பார்த்தார்.

"இறகு உதிர்க்கலை, பேன் இல்லை. தீனியோட கிளிஞ்சல் தூளும் போடுறேங்கறீங்க. எதையோ பாத்து பயந்துகினு இருக்குதும்மா. பயந்த கோழி முட்டை வைக்காது. வீட்ல வேற யாரு இருக்காங்க?"

"நான் ஒருத்திதாங்க."

அன்று பொழுது சாயும்போது, கோழிகள் அடைவதற்கு முன்பே அவற்றின் கொட்டாய்க்குள் குனிந்து நுழைந்தாள். அவற்றுக்குத் தெரிவது தனக்கும் தெரியட்டும் என்று, எச்சத்தின் காரம் மூக்கில் ஏற, தலைக்குமேல் தகரம் வெயிலின் சூடு தணிந்து டிக் டிக்கென்று ஒலிக்க, மூங்கில் தட்டியின் இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கோழிகள் வந்தன. வழக்கமாக அடையும் குச்சியில் ஏறவில்லை. அவள் மடியில் நெருக்கியடித்துக்கொண்டு நடுங்கின.

அடுக்களையில் விளக்கு எரிந்தது. அவள் போடவில்லை.

கிண்ணம் தட்டும் சத்தம்.

"பா, பா."

அவள் குரல்தான். கொடியில் கிடந்த அவளுடைய நீலப் புடவை படியிறங்கி வந்தது. முகம் இருட்டில் இருந்தது.

தெருப்பக்கம் கேட் திறந்தது.

"அத்தை, கோழி முட்டை வைக்குதா?"

அமலா.

இருதயசெல்வி கூப்பிட வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

"வா அமலா, உக்காரு. எத்தினி நாளாச்சு பாத்து. இதோ பாத்துட்டு வர்றேன்."

கொட்டாய்க் கதவு விலகியது. ஒரு கை உள்ளே நீண்டது. மணிக்கட்டில் அவளுக்கிருந்த அதே சூட்டுத் தழும்பு. கோழிகளை ஒவ்வொன்றாகத் தடவியது. அழுத்தியது. விட்டது.

நாலு.

கை நிற்கவில்லை. அவள் முழங்காலைத் தொட்டது. இடுப்பு. அடிவயிறு. ஈரமான குளிர்ந்த விரல் அங்கே நிதானமாக அழுத்தியது.

"அமலா, இதுல இருக்குது."