மஞ்சப்பையில் ஐந்து விரல்

ஒரு பாட்டில் தேனுக்காக நானூறு பேரை வெயிலில் ஓடவிட்டவன் நான். அதுவும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே. மனு கொடுக்க வந்த ஒருவர் கல்வராயன் மலையிலிருந்து கொண்டுவந்த தேன் அது. எக்ஸ்ரே திரையில் தேனும் வெடிமருந்தும் ஒரே ஆரஞ்சு நிறத்தில்தான் தெரியும். அது தெரிந்தும், பதினோரு வருடம் விமான நிலையத்தில் பெட்டி பார்த்த திமிரில் அபாய மணியை அழுத்திவிட்டேன். அதிகாரிகள் பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்தார்கள். குதித்தவர்களில் ஒருவர்கூட மனுக்கட்டை எடுத்துக்கொள்ளவில்லை. நாற்காலித் துண்டை மட்டும் யாரும் மறக்கவில்லை.

கள்ளக்குறிச்சிப் பக்கம் எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். மனுவைப் படிக்காதவர்கள் இதைப் படித்துவிடுவார்கள். அங்கே திங்கள்தோறும் மனுநாள். யாராவது மண்ணெண்ணெய் கேனோடு வந்துவிடுவார்கள் என்ற பயத்தில், ஏதோ ஒரு விமான நிலையம் கழித்துப்போட்ட ஸ்கேனிங் மெஷினை வாசலில் வைத்தார்கள். கூடவே கழித்துப்போட்ட என்னையும்.

அடுத்த திங்கள் காசியம்மாள் வந்தார். மலைக்காரர். கையில் ஒரு மஞ்சப்பை. அது பெல்ட்டில் உள்ளே போனதும் திரையில் மூன்று தோட்டாக்கள் தெரிந்தன. கிணறு தோண்டும்போது பாறையைப் பிளக்க வைப்பார்களே, அந்தத் தோட்டா. அவற்றைப் பற்றிக்கொண்டு ஐந்து விரல்கள்.

பெல்ட்டை நிறுத்தினேன். பையைக் கொட்டினேன்.

ஒரு மனு. ஒரு துண்டு. அவ்வளவுதான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. விமான நிலைய மெஷின்கள் எங்களை நம்புவதில்லை. தூங்குகிறோமா என்று பார்க்க, யாரோ ஒருவரின் பைக்குள் பொய்க்குண்டின் படத்தை அதுவாகவே நுழைத்துக் காட்டும். பொத்தானை அழுத்தினால், 'இது சோதனை' என்று எழுத்து வரும். அழுத்தினேன். எழுத்து வரவில்லை. கிழட்டு மெஷின், பரீட்சை வைத்துவிட்டு மதிப்பெண் போட மறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

"வெறும் பையில இன்னாத்த சார் தேடுறீங்க?" என்றார் காசியம்மாள்.

"ஒண்ணுமில்லம்மா. எதுக்கு மனு?"

"எங்க வூட்டுக்காரரு ராசு, கெணத்துக்கு வெடி வெக்கப் போனாரு. மூணு மாசமாச்சி. எங்கியோ ஓடிப்பூட்டாருன்னு காண்ட்ராக்டரு கொளஞ்சியப்பன் சொல்லிக்கினு இருக்காரு. இருக்காரா இல்லியான்னு யாராச்சும் ஒரு வார்த்த சொன்னா, இந்தத் தாலிய வெச்சிக்கறதா கழட்டறதான்னு தெரிஞ்சிக்குவன்."

உள்ளே, 'உரிய விசாரணைக்கு' என்று முத்திரை குத்தி அனுப்பினார்கள். முத்திரை குத்தும்போது மட்டும் அங்கே யாருக்கும் கை நடுங்காது.

மறு திங்கள் அதே பை. விரல்களோடு மணிக்கட்டும் வந்திருந்தது.

அதற்கடுத்த திங்கள், முழங்கை.

மண்ணுக்குள்ளிருந்து யாரோ ஏறி வருவதுபோல, வாரத்துக்கு ஒரு சாண்.

பையின் காதைச் சோதனைத் துணியால் துடைத்து, வெடிமருந்து காட்டும் கருவியில் செருகினேன். அலறியது. காசியம்மாளின் கைகளைத் துடைத்துச் செருகினேன். சத்தமே இல்லை. முதல் துணியை முகர்ந்து பார்த்தேன். வெடிப்புகை. அதற்கு அடியில் ஈர மண்.

காவலுக்கு நின்ற எஸ்.ஐ. பிச்சைமுத்துவிடம் ஓடினேன்.

"யோவ் தேன்பாட்டிலு, மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? மலைக்காரங்க பன்னிக்கு வெடி வெப்பாங்கய்யா. தொடச்சி அனுப்பு."

நானும் துடைத்தேன். அந்த அம்மாளை என் நாற்காலியில் உட்காரவைத்து ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். "அடுத்த வாரம் வாங்கம்மா" என்றேன். கோழைகள் வழங்கும் நிவாரணம் அது.

நான்காவது திங்கள், விசாரணைக்கென்று காண்ட்ராக்டர் கொளஞ்சியப்பன் வந்தார். வெள்ளைச் சட்டை, தோல்பை. வரிசையில் அவருக்கு நேர் பின்னால் காசியம்மாள்.

தோல்பை உள்ளே போனது.

முகம்.

இரண்டு கண்குழிகள். திறந்த வாய். வாய் முழுக்க ஏதோ அடைத்திருந்தது.

பை மறுபக்கம் வந்துவிட்டது. கொளஞ்சியப்பன் எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். பெல்ட் காலி. முகம் திரையை விட்டுப் போகவில்லை. எதுவும் உள்ளே போகாமலே மெஷின் வாயில் தொங்கிய ரப்பர் திரைகள் ஒவ்வொன்றாக விலகின.

ஈர மண் வாசம்.

திரையை வெளியாருக்குக் காட்டக் கூடாது என்பது விதி. என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகக் கடைப்பிடித்த ஒரே விதி. திரையைக் கொளஞ்சியப்பன் பக்கம் திருப்பினேன்.

"இன்னா, படம் காட்றியா?" என்று சிரித்தபடி குனிந்தார்.

சிரிப்பு பாதியில் நின்றது.

திரையில் வாய் அசைந்தது.

"ராசு எங்கங்க?" என்றேன்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பின்னால் நிற்பது யார் என்றும் பார்க்கவில்லை.

"கெணத்துலதான். மண்ணு சரிஞ்சிடுச்சி. உள்ள இருந்து கூப்டுக்கினே இருந்தான்... நான்தான் மூடச் சொன்னன்."