தோண்டப்படாது!

"நிறுத்து... நிறுத்துய்யா!"

அலறியது குழாய் ரிப்பேருக்கு வந்த ஆள்.

ஜேசிபி டிரைவர் எஞ்சினை அணைத்தார். இரும்புக் கை அந்தரத்தில் நின்றது. அதன் பல்லில் ஒரு வெள்ளைச் சட்டை மாட்டித் தொங்கியது.

சட்டைக்குள் ஆள் இருந்தார்!

தார் போட்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. சாலை ஓரத்தில், தார் வருவதற்கு முன்பே நட்டுவைத்த ஒரு போர்டு பளபளத்தது.

'இந்தச் சாலை ஐந்து ஆண்டுகளுக்குத் தோண்டப்படாது. இப்படிக்கு, உங்கள் கவுன்சிலர்.'

கீழே கையெழுத்துகூட இருந்தது.

அந்த போர்டின் நிழலில்தான் பிணத்தை இறக்கி வைத்தார்கள்.

ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கினார். நாற்பது வயதுப் பெண்மணி. சிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. பின்னாலேயே ஏட்டு இறங்கினார். முதலில் வயிறு, அப்புறம் அவர்.

"யாருய்யா இது?"

"மனு மன்னன், மேடம்."

"என்னது?"

"குடியிருப்போர் சங்கத் தலைவர். தெருவிளக்கு எரியலைன்னா மனு. எரிஞ்சா, பகல்லயும் எரியுதுன்னு மனு. ஸ்டேஷன் வாசப்படி ரொம்ப உயரம், சரிவு கட்டணும்னு நம்ம மேலயே மனு போட்ட மகராசன்."

"முகமே அடையாளம் தெரியலை. எப்படிச் சொல்றே?"

"சட்டைப் பையைப் பாருங்க. மூணு பேனா. மனு எழுத நீலம், கையெழுத்துக்குக் கறுப்பு, அடிக்கோடு போடச் சிவப்பு. இந்த ஊர்ல வேற யாருக்கு இவ்வளவு வேலை இருக்கு?"

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். பின்மண்டை உடைந்திருந்தது. ஒரே அடி. பலமான அடி.

"டிரைவர்... நீ தோண்டும்போது மேல தார் வெட்டுப்பட்டிருந்துச்சா?"

"இல்லை மேடம். பாப்பா கன்னம் மாதிரி இருந்துச்சு."

அப்படியென்றால், தார் போடுவதற்கு முந்தைய இரவே ஜல்லியை விலக்கி ஆளை உள்ளே படுக்க வைத்திருக்கிறார்கள். விடிந்ததும் ரோடு ரோலர் வந்து போர்த்திவிட்டது!

"நீ தோண்ட வந்தப்ப யாராவது தடுத்தாங்களா?"

"தெருவே கூடித் திட்டினாங்க மேடம். அந்த வீல்சேர் வீட்டு சார் மட்டும்தான் திட்டலை. எப்ப மூடுவீங்கன்னு கேட்டார். சாயங்காலம்னேன். தேங்க்ஸ்னு சொல்லிட்டுப் போனார்." டிரைவர் தலையைச் சொறிந்தார். "இத்தனை வருஷத்துல எனக்கு யாருமே தேங்க்ஸ் சொன்னதில்லை மேடம்... அதான் ஞாபகம் இருக்கு."

இன்ஸ்பெக்டர் திரும்பினார். எதிர்வீட்டு கேட்டுக்குப் பின்னால் சக்கர நாற்காலியில் ஒரு பெண்மணி. நாற்காலியைப் பிடித்தபடி, இஸ்திரி கலையாத சட்டையில் ஒருவர்.

ஏட்டு காதோரம் குனிந்தார். "வெளிநாட்டுக்காரர்னு தெருவுல பேர், மேடம். இருபது வருஷம் அங்க வேலை. இதே தெருக் குழியில விழுந்து அந்தம்மாவுக்கு இடுப்பு போச்சு. வேலையை விட்டுட்டு வந்துட்டார். புது ரோடு வந்ததிலேர்ந்து தினமும் காலையில அந்தம்மாவைத் தள்ளிக்கிட்டு ஒரு ரவுண்டு."

இன்ஸ்பெக்டரின் செல்போன் அலறியது. பெரிய ஐயா!

"என்னம்மா, புருஷன் ஒரு வாரமாக் காணோம். பொண்டாட்டி ஒரு கம்ப்ளெயின்ட் குடுக்கலை. இதுக்கு மேல என்ன வேணும்? ஆறு மணிக்குப் பத்திரிகைக்காரங்களை வரச் சொல்லிட்டேன். அதுக்குள்ள அந்தம்மாவை உள்ள வை!"

"ஐயா... ஆதாரம்?"

"அது பின்னாடி வரும். வழியில டிராஃபிக்ல மாட்டியிருக்கும்."

டக்!

---

மனு மன்னனின் மனைவி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். கீபோர்டில் பாதி எழுத்துகள் தேய்ந்து அழிந்திருந்தன.

"ஏம்மா கம்ப்ளெயின்ட் குடுக்கலை?"

"இந்த வீட்டிலேர்ந்து தினமும் கம்ப்ளெயின்ட்தான் போய்க்கிட்டிருந்துச்சு. ஒரு வாரம் போகாம இருந்தா நிம்மதியா இருக்குமேன்னு இருந்துட்டேன்."

ஏட்டு இருமுவதுபோல் சிரிப்பை மறைத்தார்.

"கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

"ரோடு போடறதுக்கு முந்தின நாள் சாயங்காலம். ஜல்லி சரியில்லை, தரம் சரியில்லை, ரோட்டுக்குத் தடை வாங்கப் போறேன், மனு அடிச்சுக் குடுன்னார். மாட்டேன்னேன். இத்தனை நாள் பள்ளத்துல நடந்தோம், வந்த ரோடு வரட்டுமேன்னேன். கோவம் வந்துடுச்சு. கையாலேயே எழுதிக்கிட்டு, தெருவுல கையெழுத்து வாங்கிட்டு அப்படியே எங்கக்கா வீட்டுக்குப் போறேன்னு கிளம்பிட்டார். அடிக்கடி போவார். அவங்கக்காவே திருப்பி அனுப்பிடுவாங்க."

அந்தம்மா இன்ஸ்பெக்டரை நேராகப் பார்த்தார்.

"என்னைப் பிடிச்சுட்டுப் போகப் போறீங்க. அதானே?"

"ஆறு மணிக்குள்ள வேற ஆள் கிடைக்கலைன்னா... ஆமாம்மா."

"நான் புதைச்சிருந்தா அங்கயா புதைப்பேன்? அந்த இடத்துல குழாய் ஒழுகுதுன்னு மனு அடிச்சதே நான். எந்த நிமிஷமும் தோண்டுவாங்கன்னு எனக்குத் தெரியாதா?"

தண்ணீர் டம்ளரை எடுத்தார். பாதித் தண்ணீர் கீபோர்டில் கொட்டியது. துடைக்கவில்லை.

"அவரோட பேனா மூணையும்... கேஸ் முடிஞ்சதும் திருப்பித் தருவீங்களா மேடம்?"

இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். ஒரு பெண் போலீஸ் மட்டும் அந்தம்மாவுக்குக் காவலாக நின்றாள்.

---

போர்டுக்குக் கீழே கவுன்சிலரும் ரோடு போட்ட காண்ட்ராக்டரும் காத்திருந்தார்கள். இரண்டு பேரும் ஒரே கர்ச்சீப்பில் மாறி மாறி வியர்வை துடைத்தார்கள்.

"மனு மன்னன் செத்ததுல உங்க ரெண்டு பேருக்கும்தான் லாபம்," என்றார் இன்ஸ்பெக்டர்.

கவுன்சிலர் பதறினார். "ஐயையோ! அடுத்த மாசம் கேபிள் பதிக்க இதே இடத்தைத் தோண்டறோம் மேடம். டெண்டர் என் மச்சானுக்கு! நானே தோண்டப் போற எடத்துல நானே புதைப்பேனா?"

"அப்போ இந்த போர்டு?"

"போர்டு வேற, ரோடு வேற மேடம்."

"காண்ட்ராக்டர்... நீங்க?"

காண்ட்ராக்டர் அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"வெளிய சொல்லிடாதீங்க மேடம். இந்த ரோட்டை நான் எவ்வளவு கனத்துக்குப் போட்டேன்னு எனக்குத்தான் தெரியும். இதுக்கடியில ஒரு எலியைப் புதைச்சாக்கூட வால் வெளிய தெரியும். ஒரு மழைக்குத் தாங்காது. நான் போய் ஆளைப் புதைப்பேனா?"

"ஊழலையே சாட்சிக்குக் கூப்பிடறதை இன்னிக்குத்தான்யா பார்க்கறேன்."

"உண்மையைச் சொன்னா நம்ப மாட்டேங்கறீங்களே மேடம்!"

இன்ஸ்பெக்டர் ஜீப்பில் சாய்ந்தார். மணியைப் பார்த்தார். எரிச்சலாக வந்தது. ஆறு மணிக்கு ஒரு விதவையின் கையில் விலங்கு.

ஏட்டு பெருமூச்சு விட்டார். "யாரைக் கேட்டாலும் இதே பதில்தான் மேடம். இந்த ஊர்ல இந்த ரோடு நிலைக்கும்னு நம்பற முட்டாள் ஒருத்தன்கூடக் கிடையாது."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார்.

"என்ன சொன்னே?"

"தப்பா ஏதாவது..."

"திருப்பிச் சொல்லுய்யா!"

"நம்பற முட்டாள்... ஒருத்தன்கூட..."

"ஒருத்தன் இருக்கான்." இன்ஸ்பெக்டரின் கண்கள் பளிச்சிட்டன. "சங்கக் கட்டடத்துல இரங்கல் கூட்டம்னு சொல்லு. தெரு மொத்தமும் வரணும். இப்பவே!"

---

பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பின. மின்விசிறி சுற்றியது. காற்று வரவில்லை. முன்வரிசை ஓரத்தில் மனு மன்னனின் மனைவி. பக்கத்தில் பெண் போலீஸ். கடைசி வரிசைக்குப் பின்னால் சக்கர நாற்காலி.

இன்ஸ்பெக்டர் மைக்கைத் தட்டினார்.

"இரங்கலுக்கு முன்னாடி ஒரு அறிவிப்பு. நகராட்சியிலேர்ந்து சொல்லச் சொன்னாங்க. அடுத்த மாசத்திலேர்ந்து உங்க தெருவுல இருபத்துநாலு மணி நேரமும் குடிதண்ணி வரும்."

ஏட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

மூன்றாவது வரிசையில் யாரோ 'க்ளுக்' என்றார்கள். அவ்வளவுதான்... கூட்டம் வெடித்தது! இரங்கல் கூட்டம் என்பதே மறந்துபோயிற்று.

"அதோட... குப்பை மேடு இருக்கற எடத்துல நீச்சல் குளம்!"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். காண்ட்ராக்டர் நாற்காலியிலிருந்து நழுவினார். கவுன்சிலர் தன்னை மறந்து கைதட்டினார். மனு மன்னனின் மனைவிகூட, கண்ணைத் துடைத்தபடி சிரித்துவிட்டார்.

பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

"எக்ஸ்க்யூஸ் மீ மேடம்... தண்ணி எந்தத் தேதியிலேர்ந்து?"

வெளிநாட்டுக்காரர்! ஒரு கையில் பாக்கெட் டைரி. மறு கையில் திறந்த பேனா.

சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது.

இன்ஸ்பெக்டர் மைக்கை வைத்துவிட்டு நடந்து வந்தார். நிதானமாக.

"ஊரே சிரிச்சது சார். நீங்க மட்டும் டைரி எடுத்தீங்க."

"அது... ஒரு குற்றமா?"

"அது இல்லை. ஆனா இந்த ரோட்டுக்கடியில ஒரு பிணம் அஞ்சு வருஷம் பத்திரமா இருக்கும்னு நினைக்கறதுக்கு, அந்த போர்டை நம்பற ஆள் வேணும். இந்த ஊர்ல அப்படி ஒரே ஒரு ஆள்தான். தோண்ட வந்தவன்கிட்டயே எப்ப மூடுவேன்னு கேட்டுட்டு, தேங்க்ஸ் சொன்ன ஆள்!"

வெளிநாட்டுக்காரர் பக்கத்து பிளாஸ்டிக் நாற்காலியில் விழுந்தார்.

"கையெழுத்துப் போட்டிருந்தாங்களே மேடம்..." டைரியை மூடினார். "அஞ்சு வருஷம்னு எழுதி... கையெழுத்தும் போட்டிருந்தாங்களே! நான்தான்... நான்தான் கொன்னேன். நான் ஒருத்தன்தான்..."

"பொய்!"

சக்கரம் கிரீச்சிட்டது. கூட்டம் திரும்பியது.

அவர் மனைவி நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"புதைச்சது மட்டும்தான் அவர். அடிச்சது நான்."

"நீ சும்மா இரும்மா..."

"நீங்க சும்மா இருங்க. நீங்க பேசினது போதும்." இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு இவர் மருந்து வாங்கப் போயிருந்தார். மனு மன்னன் வந்தார். ரோட்டுக்குத் தடை வாங்க என் கையெழுத்து வேணுமாம். இந்த நாற்காலியோட என்னைப் போட்டோ பிடிச்சு மனுவுல சேர்க்கணுமாம். எத்தனாவது தடவைன்னு நினைக்கறீங்க? என் இடுப்பு உடைஞ்சதிலேர்ந்து நான் மனுஷியே இல்லை மேடம். மனுவுக்கு இணைப்பு."

அவர் சக்கரத்தைத் தட்டினார்.

"விடிஞ்சா ரோடு. ரோடு வந்தா கேட்டைத் தாண்டலாம்னு உட்கார்ந்திருக்கேன். இன்னும் ரெண்டே வருஷம் பொறுத்துக்கம்மா, நல்ல ரோடா வாங்கிடலாம்னார். கீழ விழுந்த பேனாவை எடுக்கக் குனிஞ்சார். இந்த நாற்காலியில கால் வைக்கிற இரும்புத் தகடு... கையோட கழண்டு வரும்."

"அப்புறம்?"

"இவர் வந்தார். அழுதார். அந்தப் பேனாவைச் செத்தவர் பையிலயே செருகினார். என்னைத் தரையில உட்கார வச்சுட்டு, இந்த நாற்காலியிலயே வச்சு அவரைத் தள்ளிக்கிட்டுப் போனார். நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன் மேடம்! அங்க வேணாங்க, தோண்டிடுவாங்கன்னு. இருபது வருஷம் இந்தத் தெருவுல குடியிருந்தவ நான். கேட்டாரா? போர்டு வச்சிருக்காங்கடின்னார்!"

"உங்களுக்குத் தெரிஞ்சுமா..."

"ஒரு வாரம் கிடைச்சாப் போதும்னு இருந்தேன். கிடைச்சுது. தெருக்கோடி வரைக்கும் போய்ப் பார்த்தேன்." உதட்டைச் சுழித்தார். "மனு மன்னன் சொன்னது சரிதான். ஜல்லி மட்டம்."

இன்ஸ்பெக்டர் கண்ணைக் காட்டினார். பெண் போலீஸ் முன்வரிசையிலிருந்து விலகி, சக்கர நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள்.

மனு மன்னனின் மனைவி எழுந்தார். சக்கர நாற்காலிக்காரியை நெருங்கினார். அறையப் போகிறாரோ என்று ஏட்டு பாய்ந்தார்.

"குனிஞ்சு எடுத்தது... எந்தப் பேனா?"

"சிவப்பு."

"அதானே பார்த்தேன்." கண்கள் நிரம்பின. "அடிக்கோடு போடாம அந்த மனுஷன் எதையும் விடமாட்டார்."

மணி ஆறாக இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

---

ஸ்டேஷன் வாசல். ஜீப்பிலிருந்து சக்கர நாற்காலியை இறக்கினார்கள். உருட்டினார்கள். நின்றுவிட்டது.

படி முழங்கால் உயரம்!

இன்ஸ்பெக்டர் படியைப் பார்த்தார். ஏட்டைப் பார்த்தார்.

"யோவ்... மனு மன்னன் இந்தப் படிக்கு ஒரு மனு குடுத்தார்னியே. எங்கய்யா அது?"

"உங்க மேஜையிலதான் மேடம்."

"மேஜை மேல பார்க்கலையே?"

"மேல இல்லை மேடம். கீழ. ஒரு கால் ஆடுச்சு. நாலா மடிச்சு முட்டுக் குடுத்திருக்கேன்."

நான்கு போலீஸ்காரர்கள் நாற்காலியை அந்தம்மாவோடு தூக்கினார்கள். மூச்சு வாங்கியது. ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

பின்னால், விலங்கு மாட்டிய கைகளோடு வெளிநாட்டுக்காரர் கேட்டார்.

"சார்... இங்க ஒரு சரிவு கட்டக்கூடாதா? இவளைக் கோர்ட்டுக்கு அடிக்கடி கூட்டிக்கிட்டுப் போகணுமே."

"கட்டிடுவோம் சார்," என்றார் ஏட்டு, வியர்வையைத் துடைத்தபடி. "அடுத்த வாரமே!"

விலங்கு குலுங்கியது. வெளிநாட்டுக்காரர் சிரமப்பட்டு டைரியை வெளியே எடுத்தார்.

"அடுத்த வாரம்... என்ன கிழமை சார்?"